ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்

'ஆலிஸின் அற்புத உலகம்' கதையில் முயல் வளைக்குள் விழுந்த ஆலிஸுக்கு, தான் இன்னும் ஆலிஸ்தானா என்று சந்தேகம் வந்துவிடும். தனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னும் தெரிகிறதா என்று சொல்லிப் பார்ப்பாள். வாய்ப்பாட்டில் ஆரம்பிப்பாள். நாலைந்து பன்னிரண்டு. நாலாறு பதின்மூன்று. நாலேழு... ஐயோ, இப்படியே போனால் இருபதைத் தொடவே மாட்டேனே என்று புலம்புவாள்.

சிறுவயதில் அந்த இடத்தைப் படித்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். குழம்பிப்போன ஒரு சிறுமி வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்கிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பல வருஷங்கள் கழித்து அதே கதையை மார்ட்டின் கார்ட்னரின் குறிப்புகளோடு படித்தேன். 1960இல் முதலில் வந்த பதிப்பு அது. பக்கத்தின் ஒரு பாதியில் கதை ஓடும், ஓரத்தில் கார்ட்னரின் குறிப்பு சின்ன எழுத்தில் கூடவே இறங்கிவரும். வாய்ப்பாட்டுக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு இருந்தது.

நாம் எண்ணுவது பத்தை அடிமானமாக வைத்து, அதாவது பத்துப் பத்தாகக் கட்டி. பதினெட்டை அடிமானமாக வைத்தால், இருபது என்பது ஒரு பதினெட்டும் மிச்சம் இரண்டும். அதை எழுதினால் 12 என்று வரும். ஆக நாலைந்து பன்னிரண்டு. அடுத்து நாலாறு இருபத்து நாலு. இருபத்தொன்றை அடிமானமாக வைத்தால் அது 13. நாலேழு இருபத்தெட்டு, இருபத்து நாலு அடிமானத்தில் 14. ஒவ்வொரு படிக்கும் அடிமானம் மூன்று கூடிக்கொண்டே போகிறது. நாற்பன்னிரண்டு வரும்போது 19. அதற்கு அடுத்த படியில் 20 வர வேண்டும், ஆனால் வராது. ஐம்பத்திரண்டில் நாற்பத்திரண்டைக் கழித்தால் மிச்சம் பத்து. அந்த அடிமானத்தில் பத்து இன்னும் ஒற்றை இலக்கம்தான். ஆலிஸ் சொன்னது சரி. அவளால் இருபதைத் தொடவே முடியாது.

குறிப்பை மூன்று முறை படித்துவிட்டு, ஒரு தாளில் நானே போட்டுப் பார்த்தேன். கை நடுங்கியது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் அப்படித்தான் இருந்தது. கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். அவர் இதை எண்ணித்தான் எழுதினாரா என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கார்ட்னரும் இன்னொரு எளிய விளக்கத்தைக் கூடவே வைக்கிறார். ஆங்கிலப் பள்ளிகளில் வாய்ப்பாடு பன்னிரண்டோடு முடிந்துவிடும், இந்தக் கணக்குப்படி நாற்பன்னிரண்டு பத்தொன்பது, அதனால் இருபது வராது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

அன்றிலிருந்து துணைநூல்கள் மேல் எனக்குப் பித்து. ஒரு நாவலைப் பற்றியோ ஓர் எழுத்தாளர் கட்டிய உலகத்தைப் பற்றியோ இன்னொருவர் எழுதும் கூட்டாளிப் புத்தகங்களைச் சொல்கிறேன். வரைபடத் தொகுப்பு, பெயர் அகராதி, கையெழுத்துப் படிகளின் வரலாறு, வரிக்கு வரி குறிப்பு என்று பல உருவங்களில் வரும். கதையே போதாதா, பக்கத்தில் இன்னொரு புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். என் பதில் இது: வாசிப்பு தனிமையான காரியம். நாம் ஒரு புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும்போது நம்மைவிட ஆழமாக அதில் கிடந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதைக் கவனித்தாயா?" என்று விரல் வைத்துக் காட்டினால், அந்தத் தனிமையின் சுவை கெடாமலே ஒரு துணை கிடைக்கிறது. அந்த விரலுக்காகத்தான் நான் இவற்றை வாங்குகிறேன்.

கார்ட்னரிடமே இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆலிஸ் கதைகளில் வரும் பாட்டுகளில் பெரும்பாலானவை, அன்றைய குழந்தைகள் பள்ளியில் நெட்டுருப் போட்ட நீதிப்பாட்டுகளின் கேலி வடிவங்கள். ஐசக் வாட்ஸ் 1715இல் ஒரு பாட்டு எழுதினார். சின்னத் தேனீ எவ்வளவு சுறுசுறுப்பாக உழைக்கிறது, நீயும் அப்படி இரு என்று சொல்லும் பாட்டு. அதைச் சொல்லத்தான் ஆலிஸ் வாயைத் திறப்பாள். வந்து விழுவதோ வேறு. சின்ன முதலை ஒன்று தன் வாலை மினுக்கிக்கொண்டு, புன்னகையோடு தாடையைத் திறந்து மீன் குஞ்சுகளை உள்ளே வரவேற்கும். 1860களின் குழந்தைகளுக்கு மூலப்பாட்டு மனப்பாடம், அதனால் முதல் வரியிலேயே சிரித்திருப்பார்கள். இன்று மூலத்தை யாரும் பாடுவதில்லை. முதலை மட்டும் உயிரோடிருக்கிறது. தேனீ கார்ட்னரின் ஓரக்குறிப்பில் பத்திரமாக இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அடியார்க்கு நல்லார் நினைவுக்கு வந்தார். சிலப்பதிகாரத்துக்கு அவர் எழுதிய உரை முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்தவரை அது ஒரு கருவூலம். உரை சொல்ல வரும்போது இசைக்கும் கூத்துக்கும் தாம் துணையாகக் கொண்ட நூல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ் என்று அந்தப் பட்டியல் போகும். அவற்றில் பலவற்றை இன்று அவருடைய உரையில்தான் நாம் சந்திக்க முடிகிறது. ஒரு காப்பியத்தின் ஓரத்தில் உட்கார்ந்தவர், தன் மடியில் வேறு பல நூல்களின் துண்டுகளையும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். இன்னொன்றும் செய்தார். கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு வைகறையில் கிளம்பினார்கள் அல்லவா, அது எந்த மாதம், என்ன கிழமை, என்ன நட்சத்திரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். காப்பியத்தில் இளங்கோவடிகள் வெண்மதி நீங்கிய வைகறை என்று சொல்லிவிட்டுப் போகிறார். உரைகாரருக்கு அது போதவில்லை. அந்த நிலவு எந்த நாளின் நிலவு என்று தெரிந்தாக வேண்டும்.

நமக்குத் துணைநூல் ஒன்றும் புதுச் சரக்கில்லை என்று இதனால்தான் சொல்கிறேன். உரையோடு படித்தே வளர்ந்த மொழி இது. உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலையை அச்சிட்டபோது மூலத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கதைச்சுருக்கம், அரும்பதவுரை, புத்தர் வரலாறு, பௌத்த தருமத்தையும் சங்கத்தையும் பற்றிய விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்தார். அதற்கு முன்னால், இது எந்தச் சமயத்து நூல் என்றே புரியாமல் அவர் திகைத்து நின்ற காலம் உண்டு. உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியர்தான் இது பௌத்த நூல் என்று கண்டு சொன்னார். பௌத்தம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து அவருக்கு விளக்கியவரும் அவர்தான். ஒரு புத்தகத்தின் ஓரத்தில் ஒருவர், அவர் ஓரத்தில் இன்னொருவர். என் சரித்திரத்தில் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்ந்துவிடும்.

சரி, நிலவுக் கணக்குக்கு வருகிறேன். அதே பிடிவாதத்தை நான் மறுபடி பார்த்தது கேரன் வின் ஃபோன்ஸ்டட் என்ற அமெரிக்கப் புவியியலாளரிடம். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த மிடில் எர்த் உலகத்துக்கு அவர் போட்ட அட்லஸ் 1981இல் வந்தது. 1991இல் திருத்திய பதிப்பு. இல்லாத ஒரு நாட்டுக்கு, உள்ள நாட்டுக்குப் போடுவதுபோலவே மலைகளின் உயரவேறுபாடு, ஆறுகளின் வடிநிலம், தட்பவெப்பம், தாவரங்கள், மக்கள்தொகை, மொழிகள் என்று தனித்தனிப் படங்கள். கோட்டைகளுக்கும் வீடுகளுக்கும் தரைத்தளப் படங்கள். எனக்கு மிகவும் பிடித்தவை பயணப் பாதைகள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் மோதிரத்தைச் சுமந்துபோகும் ஃப்ரோடோவும் சாமும் எந்தத் தேதியில் எங்கே தங்கினார்கள், அன்று எத்தனை மைல் நடந்தார்கள் என்று நாள்வாரியாக வரும்.

இதையெல்லாம் அவர் கற்பனையில் எடுக்கவில்லை. நாவலில் ஒரு வரியில் "அன்று மாலை" என்று வரும், இன்னொரு வரியில் மலை வலப்பக்கம் தெரியும், வேறொரு வரியில் நிழல் நீளும். அத்தனையையும் பொறுக்கி எடுத்து அளவுகோலில் பொருத்தியிருக்கிறார். அப்படிப் பொருத்த முடிகிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி. காற்றில் கட்டிய வீட்டில் கொத்தனார் நூல் பிடித்துப் பார்க்கிறார், சுவர் நேராக நிற்கிறது! டோல்கீன் ஒரு கடிதத்தில், தான் முதலில் வரைபடத்தை வைத்துக்கொண்டு அதற்குக் கதையைப் பொருத்தியதாக எழுதியிருக்கிறார். நிலவின் வளர்பிறை தேய்பிறையைக்கூட 1941–42ஆம் வருஷங்களின் நிஜ நிலவை வைத்து ஒழுங்குபடுத்தினார். நாவலை நான்கு தடவை படித்தும் வானத்தில் இருந்த நிலவை நான் பார்க்கவே இல்லை. ஃபோன்ஸ்டட்டுக்குப் பிறகுதான் பார்த்தேன்.

அதே உலகத்துக்கு இன்னொரு வகைத் துணைநூலும் உண்டு. டோல்கீன் 1973இல் மறைந்தார். அவர் விட்டுப்போன கையெழுத்துத் தாள்களை மகன் கிறிஸ்டோபர் வரிசைப்படுத்தி, 1983இலிருந்து 1996வரை பன்னிரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். சில தொகுதிகள் பொறுமையைச் சோதிக்கும், ஒரே கதையின் ஐந்து வடிவங்கள் சின்னச் சின்ன மாற்றங்களோடு வரும். ஆனால் ஆறாவது தொகுதியை யாராவது கேட்டால் கையில் திணித்துவிடுவேன்.

நாவலில் ஓர் இரவு. விடுதியின் மூலையில் முக்காடு போட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார். நெடிய, காய்ந்துபோன முகமுடைய மனிதர். பின்னால் அவர்தான் அரசர் என்று தெரியவரும். முதல் வரைவில் அந்த மூலையில் இருந்தவர் மனிதரே இல்லை. ஹாபிட் என்னும் குள்ளமான இனத்தைச் சேர்ந்த ஒருவர். காலில் மரச்செருப்பு. பெயர் டிராட்டர். ஃப்ரோடோவின் பெயர்கூட அப்போது பிங்கோ. வரைவு மேல் வரைவாக அந்த மரச்செருப்புக்காரர் யார் என்று டோல்கீன் தேடிக்கொண்டே போகிறார். மூலையில் அவரைப் பார்த்தபோது தனக்கே அதிர்ச்சி என்றும், அவர் யார் என்று ஃப்ரோடோவுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தனக்கும் தெரியும் என்றும் பிற்பாடு ஒரு கடிதத்தில் சொன்னார். இதைப் படித்த பிறகு அந்த விடுதிக் காட்சி எனக்குச் சின்னதாகிவிடவில்லை. முன்பு கதாபாத்திரங்களுக்கு மட்டும் இருந்த பயம் இப்போது எழுதியவர் பேனாவிலும் தெரிகிறது. தந்தையின் தடுமாற்றத்தை மறைக்காமல், அடித்தலும் திருத்தலுமாக அப்படியே வைத்த மகனுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஷெர்லாக் ஹோம்ஸ் அன்பர்களின் வழி தனி. 1911இல் ரொனால்ட் நாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்த ஒரு கட்டுரையிலிருந்து அது வேகம் பிடித்தது. ஹோம்ஸும் வாட்சனும் நிஜ மனிதர்கள் என்று வைத்துக்கொண்டு ஆராய வேண்டும், அதுதான் விதி. வாட்சனுக்குக் குண்டடி பட்டது ஒரு கதையில் தோளில், இன்னொன்றில் காலில். அவர் பெயர் ஜான், ஆனால் ஒரு கதையில் மனைவி அவரை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறாள். இதற்கெல்லாம் ஆளாளுக்குத் தீர்வு சொல்லியிருக்கிறார்கள். ரசிக்கிறேன், மதிக்கிறேன். ஆனாலும் அங்கே என் மனம் அதிகம் தங்குவதில்லை. கோனன் டாயில் அவசரத்தில் மறந்த இடம் அது என்று எனக்குத் தெரியும்போது, ஓட்டையை அடைக்கும் சாமர்த்தியத்தைவிட அந்த அவசரமே என்னை ஈர்க்கிறது.

ஜேம்ஸ் ஜாய்ஸின் யூலிசஸ் கதை வேறு மாதிரி. அங்கே துணைநூல் மூலத்துக்கு முன்னால் வாசகர் கைக்குப் போனது. ஸ்டூவர்ட் கில்பர்ட் 1930இல் யூலிசஸுக்கு விளக்க நூல் வெளியிட்டபோது, நாவலுக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தடை. அமெரிக்காவில் 1933 டிசம்பரில்தான் நீதிமன்றம் அதை விடுவித்தது. மூலம் கிடைக்காத வாசகர்களுக்காகக் கில்பர்ட் நீண்ட நீண்ட பகுதிகளை அப்படியே எடுத்துக் கொடுத்தார். அத்தியாயங்களின் அமைப்புத் திட்டத்தை அவருக்குக் கொடுத்து உதவியவர் ஜாய்ஸ்தான். சிறைக்குள் இருப்பவரின் குரலை வெளியே நின்று சொல்வதுபோல ஒரு விளக்க நூல் வேலை செய்திருக்கிறது. நான் யூலிசஸை இரண்டு முறை பாதியில் விட்டவன். மூன்றாம் முறை ஒரு குறிப்புநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தியாயத்துக்கு ஒரு வாரம் என்று போனேன். முடித்தேன். எதற்காக முடித்தேன் என்று கேட்டால் ஒரு வேலிக் கம்பிக்காக என்பேன்.

கதையின் நாயகன் புளூம் நள்ளிரவில் சாவியை மறந்துவிட்டு வீட்டு வாசலுக்கு வருகிறார். முன்புறக் கம்பிவேலியைத் தாண்டி, கீழ்த்தளப் பள்ளத்தில் தொங்கிக் குதித்து உள்ளே போகிறார். சின்னச் சம்பவம். இதை எழுதும்போது ஜாய்ஸ் இருந்தது பாரிஸில். டப்ளினில் இருந்த அத்தைக்கு 1921 நவம்பரில் கடிதம் போட்டார். எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டில் சாதாரண ஆள் ஒருவர் அந்த வேலியில் ஏறி, காயம் படாமல் கீழே குதிக்க முடியுமா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள் என்று. கடிதத்தைப் பற்றிப் படித்துவிட்டு அந்தப் பத்திக்குத் திரும்பினேன். ஊரை விட்டு வந்த ஒருவர், தன் ஊரின் ஒரு வேலிக் கம்பியைத் தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்று தவித்த தவிப்பு வரிக்கு வரி கேட்டது. இதைத் துணைநூல் எழுதியவர் சொல்லாமல் நான் எங்கே தெரிந்துகொள்வது?

எல்லாத் துணைநூலும் இப்படி இல்லை. ஒரு திரைப்படம் வெளியாகும் சமயம் பார்த்து அவசரமாக அச்சான ஒன்றை ஆசையோடு வாங்கினேன். எனக்குத் தெரிந்த கதையையே சுருக்கித் திருப்பிச் சொல்லியிருந்தது. பெயர்ப்பட்டியலில் பாதிப் பேருக்கு மேல் "நாயகனின் நண்பர்" என்பதைத் தாண்டி ஒரு சொல் இல்லை. அதை எழுதியவர் அந்த நாவலை ஒருமுறைக்கு மேல் படிக்கவில்லை என்பது மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இன்னொரு வகையும் உண்டு. இந்தக் கதாபாத்திரம் நிஜ வாழ்க்கையில் இன்னார், அந்தப் பெண், எழுத்தாளரின் இன்ன காதலி என்று ஆள் அடையாளம் காட்டிவிட்டுக் கடமை முடிந்ததாக எழுந்துவிடும். எழுத்தாளர் ஐந்து பேரைக் கரைத்து ஒருவரை உண்டாக்கியிருப்பார். இவர்கள் அந்தக் கரைசலை மறுபடி உப்பாக்கித் தருகிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில் எனக்கும் தெளிவில்லாத இடம் ஒன்று இருக்கிறது. காஃப்காவின் உருமாற்றம் 1915இல் புத்தகமாக வரவிருந்தது. கிரகோர் சம்சா என்பவன் ஒரு காலையில் பூச்சியாக மாறிக் கிடக்கும் கதை அது. அட்டைக்குப் படம் போடும் ஓவியர் அந்தப் பூச்சியையே வரைந்துவிடுவாரோ என்று பயந்து, காஃப்கா பதிப்பாளருக்கு எழுதினார். வேண்டாம், அதை மட்டும் வேண்டாம், தூரத்திலிருந்து பார்ப்பதுபோல்கூடக் காட்ட வேண்டாம் என்று. அட்டையில் பூச்சி வரவில்லை. கதவிலிருந்து விலகி, முகத்தைக் கையால் மூடிக்கொண்ட ஒரு மனிதர்தான் வந்தார். பிற்காலத்தில் நாவலாசிரியர் நபகோவ் அமெரிக்காவில் பாடம் நடத்தியபோது, தன் பிரதியிலேயே அந்தப் பூச்சியை வரைந்தார். வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தவர் அவர், கை சும்மா இருக்குமா? சம்சா குடும்பத்தின் வீட்டுக்கும் அறை அறையாகப் படம் போட்டார். 1980இல் அவருடைய விரிவுரைகள் புத்தகமானபோது நாமும் பார்த்தோம்.

காஃப்கா கெஞ்சிக் கேட்டுக்கொண்டதை மீறுகிற காரியம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பூச்சிக்கு உருவம் வந்த நொடியே என்னவோ வெளிறிப்போகிறது. ஆனால் அதே விரிவுரையில் நபகோவ் இன்னொன்றும் சொல்கிறார். முதுகு அப்படிக் கெட்டியாகக் குவிந்திருந்தால் அது வண்டினம். வண்டின் முதுகோட்டுக்குக் கீழே மெல்லிய இறக்கைகள் மடிந்திருக்கும். கிரகோருக்குத் தன் முதுகுக்கடியில் இறக்கை இருந்தது கடைசிவரை தெரியவே இல்லை. இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அந்த அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது, கிரகோர் அதன்மேல் சாய்ந்து நின்றிருக்கிறான், எல்லாம் நினைவுக்கு வந்தது. படம் போட்டவர் மேல் இருந்த மனத்தாங்கல் போய்விட்டது. படத்தை இன்னும் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் வந்தால் வேகமாகத் திருப்பிவிடுகிறேன். இறக்கைகளை வைத்துக்கொண்டேன்.

அதனால் நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: முதல் வாசிப்பில் துணைநூல் கூடாது. யூலிசஸ் மாதிரி தனியாக நுழையவே முடியாத சில புத்தகங்களுக்கு மட்டும் விலக்கு. மற்றபடி முதல் தடவை தெரியாத சொல்லைத் தெரியாமலே தாண்டிப் போக வேண்டும், வழி தப்ப வேண்டும், தப்பாகப் புரிந்துகொள்ளவும் வேண்டும். ஆலிஸின் வாய்ப்பாட்டைப் பார்த்து முதலில் சும்மா சிரித்திருக்காவிட்டால், பிறகு அந்தத் தாளில் கணக்குப் போட்டபோது எனக்கு அவ்வளவு பரவசம் கிடைத்திருக்காது. அப்புறம், கார்ட்னருக்கும் அந்த வேலை ஒரே தடவையில் முடிந்துவிடவில்லை. வாசகர்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1990இல் இன்னொரு தொகுதி, 1999இல் இரண்டையும் சேர்த்த பதிப்பு, அவர் 2010இல் மறைந்த பிறகு 2015இல் இன்னும் கூட்டிய பதிப்பு. ஓரக்குறிப்பு ஐம்பத்தைந்து வருஷமாக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

என்னிடம் இருக்கும் மிடில் எர்த் அட்லஸ் வேறொருவர் கைபட்டு வந்தது. ஃப்ரோடோவும் சாமும் சதுப்பு நிலத்தைக் கடக்கும் நாட்களின் பட்டியலில், ஒரு நாள் தூரத்துக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். கீழே ஒரு சின்னக் கூட்டல், பாதியில் விட்டது. அந்தக் கேள்வி என்னைத் தொற்றிக்கொண்டது. கூட்டலை முடித்துவிடலாம் என்று நாவலை எடுத்து, இருட்டு, நடை, ஓய்வு என்று எண்ண ஆரம்பித்தேன். செத்துப்போன வீரர்களின் முகங்கள் தண்ணீருக்கடியில் தெரியும் இடம் வந்தது. அதற்கப்புறம் எண்ணவில்லை. அத்தியாயத்தை முழுக்கப் படித்தேன், அடுத்ததையும் படித்தேன். கூட்டல் இன்னும் பாதியில்தான் இருக்கிறது.